குளிர்கால விருந்தாளிகளின் தோழர் சலீம் அலி

 

ஆண்டறிக்கை மலரில் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு நிர்வாகிகள் நம்மைக் கேட்டபொழுது, இமாம்களில் ஒருவரையோ இறைநேசர்களில் ஒருவரையோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நாம் தேர்ந்தெடுத்திருப்பதோ பறவைகளை ஆராய்ந்து வாழ்நாளைக் கழித்த ஒருவரை. இதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் கூறிவிடுகின்றோம்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து நாம் வெளியே வந்தபொழுது, மக்தபில் ஓதும் பிள்ளைகள் மூவர் ஹவுளுக்கருகே நின்றிருந்தனர். ஒருவன் கையில் கொக்கு ஒன்று இருந்தது. ஆரணி ஆற்றங்கரை வயலில் கண்ணி வைத்துப் பிடித்ததாம். பனியிலும் சேற்றிலும் நனைந்து அது நடுங்கிக் கொண்டிருந்தது. இதை அறுத்து உண்ணலாமா என்பது பிள்ளைகளின் கேள்வி. கூரிய நகங்களால் வேட்டையாடும் பறவைகளே விலக்கப்பட்டவை. கொக்கு அவ்வகையைச் சேர்ந்ததன்று. முறைப்படி அறுத்தால் உண்ணலாம் என்று கிதாபில் உள்ளதைச் சொல்லிவிட்டு நாம் வீட்டிற்குச் சென்றுவிட்டோம்.

லுஹருக்கு வந்தபொழுதுதான் செய்தி தெரிந்தது. பிள்ளைகள் அதன் காலில் நூலைக் கட்டித் தெருத்தெருவாகக் கொண்டு சென்றிருக்கின்றனர். நண்பகலுக்குள் அது தானே இறந்துவிட்டது. உண்ணவும் பயன்படவில்லை, உயிரோடும் இல்லை. நாம் சொன்ன சட்டம் சரியானதே. ஆனால் நடுங்கிக் கொண்டிருந்த ஓர் உயிர் நம் கண்முன் இருந்தும் அதைப் பற்றி ஒரு சொல்லும் நாம் சொல்லவில்லை. காட்டுப் பறவைகளைப் பிடிப்பது நாட்டின் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லவில்லை. அந்தக் குறை நம்முடையது.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் ஒரு முஸ்லிம் சிறுவன், தான் வீழ்த்திய பறவையைக் கையில் ஏந்தி ஏறக்குறைய இதே கேள்வியைத் தன் வீட்டுப் பெரியவரிடம் கேட்டான். அவனுக்குக் கிடைத்த பதில் வேறு. அந்தச் சிறுவனே பின்னாளில் உலகம் போற்றிய சலீம் அலி.

பிறப்பும் இளமையும்

சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பம்பாயில் சுலைமானி போரா குடும்பமொன்றில் ஒன்பதாவது குழந்தையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். யத்தீமாகிவிட்ட அக்குழந்தைகளைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவருடைய துணைவியார் ஹமீதா பேகமும் தம் பிள்ளைகளாக ஏற்று வளர்த்தனர். அவ்விருவருக்கும் குழந்தைப் பேறு இல்லை. விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தையப்ஜியும் சலீமுக்கு மாமன் முறையாவார்.

அமீருத்தீன் வேட்டையில் விருப்பமுள்ளவர். மருமகனுக்குக் காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கித் தந்தார். சிறுவன் சிட்டுக்குருவிகளைச் சுட்டுப் பழகினான். ஒரு நாள் வீழ்ந்த சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. வழக்கமான சிட்டாகத் தோன்றாத இதை உண்ணலாமா கூடாதா என்ற ஐயத்துடன் மாமாவிடம் கொண்டு சென்றான்.

மாமாவுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தது போல் காட்டிக் கொள்ளாமல், தாம் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1883 இல் தொடங்கப்பட்ட கழகம் அது. மில்லார்டு சிறுவனை அன்புடன் வரவேற்று, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறி, பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். அலுவலகத்திலிருந்த கின்னியர் என்ற இளைஞர் பறவைகளைப் பாடம் செய்யும் முறையைக் கற்றுத் தந்தார். ஒரு வாழ்க்கையின் திசை அன்று திரும்பியது.

கூடும் கூடாது என்பதோடு அந்த மாமா நிறுத்திக் கொண்டிருந்தால், பறவை அடுப்பங்கரைக்கோ குப்பைக்கோ சென்றிருக்கும். சலீம் அலி என்ற பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

நாம் மறைக்க விரும்பாத ஒன்று

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சலீம் அலி தொழுகையாளியாக வாழ்ந்தவர் அல்லர். 1985 இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் அவரே இதை எழுதியிருக்கின்றார். சிறுவயதில் ஐவேளையும் தொழுமாறு பழக்கப்படுத்தப்பட்டதையும், அரபியின் பொருள் ஒரு சொல்லும் அறியாமல் குர்ஆனை ஓத வைக்கப்பட்டதையும், பக்தியை வெளிவேடமாகக் காட்டிக் கொண்ட சில பெரியவர்களைக் கண்டு மனம் விலகிப் போனதையும் அவர் ஒளிக்கவில்லை.

இதில் நாம் அவரைப் பின்பற்றுமாறு சொல்லவில்லை. அவருடைய கணக்கு அவருடைய இறைவனிடம் இருக்கின்றது. அதைப் பார்ப்பது நம் வேலையன்று. ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவரும் நமக்கு அந்தப் பக்கங்கள் முள்ளாகக் குத்துகின்றன. குடும்பத்தில் பறவையின் பெயரை விளக்க ஒருவர் கிடைத்தார். ஓதும் வசனத்தின் பொருளை விளக்க ஒருவர் கிடைக்கவில்லை. பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் கூறுவதையும், சுலைமான் (அலை) அவர்களின் அவையில் கொண்டலாத்திக் குருவிக்கு இருந்த இடத்தையும் அந்தச் சிறுவனிடம் யாரேனும் அமர்ந்து சொல்லியிருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டானா? நம் மக்தபில் இன்று எத்தனை சலீம்கள் பொருள் அறியாமல் ஓதிக் கொண்டிருக்கின்றனர்? இது நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி.

தடைகள் நிறைந்த பாதை

சலீமின் படிப்பு சீராக அமையவில்லை. தலைவலி நோயால் பள்ளிக்கல்வி இடையிடையே தடைப்பட்டது. 1913 இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரிப் படிப்பை முடிக்காமலே குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்றார். கணக்குப் புத்தகத்தைக் காட்டிலும் காட்டுப் பறவைகளே அவர் கண்ணை ஈர்த்தன. 1917 இல் திரும்பி வந்து வணிகப் படிப்பும், கூடவே தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் பயின்றார். 1918 டிசம்பரில் உறவினரான தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால், அவர் விரும்பிய இந்திய விலங்கியல் ஆய்வுத் துறைப் பணி கிடைக்கவில்லை. 1926 இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் மாதம் 350 ரூபாய் ஊதியத்தில் விளக்கவுரையாளர் பணி கிடைத்தது. 1928 இல் விடுப்பு எடுத்து ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் எர்வின் ஷ்ட்ரேஸமான் என்ற பேரறிஞரிடம் பாடம் கேட்டார். ஆயுள் முழுவதும் அவரையே தம் ஆசானாகக் கருதினார். 1930 இல் நாடு திரும்பியபொழுது, நிதி இல்லை என்று கூறி அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையில்லை, வருவாயும் இல்லை. கணவனும் மனைவியும் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கிஹீம் என்ற கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக் கொண்டிருந்தன. அவர் அவற்றை நாள்தோறும் மணிக்கணக்காகப் பார்த்துக் குறித்து வந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிவரை முடைகின்றது; பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து சோதிக்கின்றது; அதற்குப் பிடித்தால் குடியேறுகின்றது; அதன் பின்னரே ஆண் அக்கூட்டை முழுமையாக்கிவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்குகின்றது. நம் கிணற்றோரப் பனையிலும் ஈச்சையிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இச்செயலை இவ்வளவு துல்லியமாக அதற்கு முன் எவரும் பதிவு செய்திருக்கவில்லை. வேலையிழந்த காலத்தில் எழுதிய அக்கட்டுரையே அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது.

பின்னர் சுதேச சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியைத் தாமாக முன்வந்து ஏற்றார். ஊதியம் வேண்டாம், செலவுக்குத் தந்தால் போதும் என்பது அவருடைய ஏற்பாடு. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று காடு மலையெல்லாம் கூடாரமடித்துத் தங்கினார். தெஹ்மினா பேகமும் உடன் சென்றார். 1939 இல் சிறியதோர் அறுவை மருத்துவத்திற்குப் பின் அவ்வம்மையார் காலமானார். சலீம் அலி மறுமணம் செய்து கொள்ளவில்லை. சகோதரியின் இல்லத்தில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார்.

1941 இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. சாதாரண மக்களும் படத்தைப் பார்த்துப் பறவையை இனங்காண அது வழி செய்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றிய பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூலையும் எழுதினார். அது 1974 இல் நிறைவு பெற்றபொழுது அவருக்கு வயது 77.

இளைஞர்களுக்காக ஒரு செய்தி: அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950 இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டிற்குத் தம் வண்டியையும் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று ஓட்டினார். அப்போது வயது 53.

குளிருக்கு அஞ்சி வருபவை

சலீம் அலியின் பணிகளில் நம் பகுதிக்கு மிக நெருக்கமானது வலசைப் பறவைகளைப் பற்றியது.

மார்கழி, தை மாதங்களில் நமக்கு இங்கே ஒரு போர்வை போதுமானது. வடக்கே சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் திபெத்திலும் அப்பொழுது ஏரிகள் உறைந்து கல்லாகிவிடுகின்றன. நீர் உறைந்தால் மீனில்லை, புழுவில்லை, நீர்ப்பூண்டும் இல்லை. பறவைக்குச் சிறகே போர்வை. ஆனால் வயிற்றில் உணவு இருந்தால்தான் உடலில் சூடு பிறக்கும். எனவே பசியே அவற்றைத் தெற்கு நோக்கித் துரத்துகின்றது. வரித்தலை வாத்துகள் இமயத்தையே கடந்து வருகின்றன. விண்ணில் சிறகு விரித்துப் பறப்பவற்றை ரஹ்மானே தாங்கி நிற்கின்றான் என்று சூரத்துல் முல்க்கில் நாம் இரவுதோறும் ஓதுவது இதைத்தான்.

எந்தப் பறவை எங்கிருந்து வருகின்றது என்பதை அறிய, 1960 ஆம் ஆண்டையொட்டி உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பம்பாய்க் கழகம் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையங்களை மாட்டி விடுவித்தது. இம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் சலீம் அலி. வளையமிட்ட பறவைகள் சோவியத் நாட்டில் கண்டெடுக்கப்பட்டன. நம் மாநிலத்தின் கோடியக்கரை இப்பணியின் முக்கிய மையங்களில் ஒன்றாயிற்று. நாமும் பறவையின் காலில் ஒன்றைக் கட்டுகின்றோம், அவரும் கட்டினார். நம் பிள்ளைகள் கட்டிய நூல் உயிரைப் போக்கியது. அவர் மாட்டிய வளையம் வழியைக் காட்டியது.

1945 இல் அவர் கட்ச் பகுதியின் பெரிய ரண் உப்புவெளிக்குச் சென்று, பூநாரைகள் சேற்றுமேடுகளில் இலட்சக்கணக்கில் கூடி முட்டையிடும் இடத்தை ஆராய்ந்தார். அதே பெரும் பூநாரை இனத்தைத்தான் நமக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியில் நாம் காண்கின்றோம். நம் ஆரணி ஆறு சென்று கலக்கும் ஏரி அது. சேற்றுநீரில் அலகைத் தலைகீழாக ஆழ்த்தி, நுண்ணிய இறால் வகைகளையும் பாசிகளையும் அவை வடிகட்டி உண்ணுகின்றன. நாம் ஆற்றில் எதைக் கலக்க விடுகின்றோமோ, அது அவற்றின் உணவுத் தட்டில் சென்று விழுகின்றது. தொழிற்சாலைகளில் பணியாற்றும் நம் ஜமாஅத்தார் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பறவைகளை விருந்தினராகப் போற்றுவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. வேடந்தாங்கல் கிராம மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் ஏரிப் பறவைகளைக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களுடைய வயலுக்கு உரமாகின்றது. சுடவந்த துப்பாக்கிக்காரர்களைத் தடுக்க, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் அவர்கள் காப்புரிமை பெற்றனர். தாம் காத்தவற்றால் தாமும் காக்கப்பட்டனர்.

இறுதிக் காலம்

பரத்பூர் நீர்நிலை பறவைகளின் சரணாலயமாக நிலைத்ததிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்திலிருந்து தப்பியதிலும் சலீம் அலியின் குரலுக்குப் பங்குண்டு. 1958 இல் பத்மபூஷண், 1976 இல் பத்மவிபூஷண் விருதுகள் கிடைத்தன. பன்னாட்டுப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையைத் தமக்கென வைத்துக் கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதியாக ஆக்கினார். 1985 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20 அன்று தம் 90 ஆவது வயதில் காலமானார். அவர் பெயரால் 1990 இல் கோயம்புத்தூரில் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

அவர் பறவைகளைச் சுடாதவர் அல்லர். ஆய்வுக்காக ஏராளமானவற்றைச் சுட்டுப் பாடம் செய்திருக்கின்றார். அதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் துப்பாக்கியோடு தொடங்கிய வாழ்வு, பறவைகள் வாழும் இடத்தைக் காப்பதில் வந்து முடிந்தது.

நாம் செய்ய வேண்டியவை

பூனையைக் கட்டிப் போட்டு உணவளிக்காமலும், தானே தேடித் தின்ன விடாமலும் சாகடித்த பெண் நரகம் புகுந்ததையும், தாகத்தில் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும் நாம் மிம்பரில் பலமுறை சொல்லியிருக்கின்றோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவி இறந்தபொழுது, நபி (ஸல்) அவர்கள் அப்பிள்ளையிடம் அக்குருவியைப் பற்றி அன்புடன் விசாரித்ததையும் அறிவோம். பறவை வளர்ப்பது ஆகும் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்கின்றனர்; உணவும் நீரும் பராமரிப்பும் குறையக் கூடாது என்பதே நிபந்தனை.

நம் பகுதியில் குளிரைக் காட்டிலும் ஈரமே உயிர்களுக்குப் பகை. 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்ததையும், 2023 டிசம்பரில் மிக்சாங் புயலின் வெள்ளத்தையும் நாம் மறக்கவில்லை. ஆகவே கோழிக் கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, உமியோ உலர்ந்த வைக்கோலோ பரப்பி, நனைந்ததும் மாற்ற வேண்டும். வாடைக்காற்று வரும் பக்கம் படுதா கட்டலாம். முழுவதும் மூடிவிட்டால் எச்சத்தின் நெடியால் மூச்சுநோய் வரும். தாயில்லாக் குஞ்சுகளுக்கு மின்விளக்கின் வெப்பம் வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் சூடு போதவில்லை, விலகி ஓடினால் மிகுந்துவிட்டது என்று பொருள். ஆட்டுக்குப் பரண் அமைப்பது நலம். கூண்டுப் பறவைகளை இரவில் துணியால் மூடி, காற்றுக்கு ஒரு பக்கம் விட வேண்டும். பூனைக்கு ஒரு பழைய சாக்கு போதும். காலையில் வண்டியை எடுக்குமுன் அடியில் பூனைக்குட்டி ஒண்டியிருக்கின்றதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்; அது வானத்திற்குரியது.

அடைமழை நாட்களில் இரைதேட முடியாத குருவிகளுக்கும் புறாக்களுக்கும் மாடியில் கூரையடியில் ஒரு பிடி கம்போ நொய்யரிசியோ வையுங்கள்; உப்பிட்ட சோறு வேண்டாம். ஏரிப் பறவைகளுக்கு நாம் தீனி போடத் தேவையில்லை. அவற்றைத் துரத்தாமலும் கண்ணி வைக்காமலும் நீரைக் கெடுக்காமலும் இருப்பதே அவற்றிற்கு நாம் செய்யும் விருந்து. ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது தர்மமாக எழுதப்படும் என்பதால், கபரஸ்தானின் சுவரோரம் அத்தியும் நாவலும் நட இளைஞர்கள் முன்வர வேண்டும்.

சென்ற தை மாதத்தில் மக்தப் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு நாம் இரயிலில் சூலூர்பேட்டை சென்றோம். ஸ்ரீஹரிகோட்டா சாலையின் இருபுறமும் ஏரியில் பூநாரைகள் நின்றிருந்தன. கொக்கின் காலில் நூல் கட்டிய பிள்ளையும் வந்திருந்தான். வெகுநேரம் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தவன், கரையோரம் ஓடிக் கொண்டிருந்த சாம்பல் நிறச் சிறு பறவை ஒன்றைக் காட்டி அதன் பெயர் என்ன என்று கேட்டான். நமக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னோம். விசாரித்து இருவரும் தெரிந்து கொள்வோம் என்றும் சொன்னோம். மக்தபிற்குப் படங்களுடன் கூடிய பறவை நூல் ஒன்று வாங்கித் தருமாறு நிர்வாகிகளை இம்மலரின் வாயிலாகக் கேட்டுக் கொள்கின்றோம்.

வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் நாம் செய்த பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவன் படைப்புகளின் மீது இரக்கமுள்ளோராக நம்மையும் நம் மக்களையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.